விலைவாசியின் கதை – 17: கூடையில் இருப்பது யார் வீட்டு அரிசி?

அண்ணா சாலையில், தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டி வடக்கே போனால் ஏ.ஜி.–டி.எம்.எஸ். மெட்ரோ நிலையம் வரும். ஏ.ஜி. என்பது சாலையின் ஒரு பக்கத்தில் இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகம். டி.எம்.எஸ். என்பது மறு பக்கத்து மருத்துவப் பணிகள் இயக்கக வளாகம். அந்த வளாகத்துக்குப் பெயர் கொடுத்தது மருத்துவத் துறைதான் என்றாலும், தமிழக அரசின் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையும் தொழிலாளர் ஆணையர் அலுவலகமும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. பதினாறு வாரங்களாகச் சந்தை சந்தையாகச் சுற்றிக்கொண்டிருந்த நம் கதை, இந்த வாரம் இந்த வாசலில் வந்து நிற்கிறது. கடைத்தெருவில் வாயால் சொல்லப்படும் விலை, கணக்கில் ஏறி, எண்ணாகி, சம்பளமாக மாறும் இடம் இது.

சாலையின் இரு பக்கத்தையும் பாருங்கள். ஏ.ஜி. அலுவலக ஊழியருக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை, ஜனவரிக்கும் ஜூலைக்கும், அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. ஏழாவது ஊதியக் குழுவின் முறைப்படி, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டு எண்ணின் 12 மாதச் சராசரியை எடுத்து, அதில் 261.42-ஐக் கழித்து, மீதியை அதே 261.42-ஆல் வகுத்துச் சதவீதமாக்க வேண்டும். 2001-ஐ நூறாக வைத்த கணக்கில், அந்த ஊதியக் குழுவின் சம்பளம் தொடங்கியபோது சராசரி நின்ற இடம் அது. எதிர்ப்பக்கத்து ஓட்டலில் இலை எடுக்கிறவருக்கு வேறு கணக்கு. அவருக்கு மாநில அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம். அதனுடன் சேரும் பஞ்சப்படி சென்னை நகரத்தின் குறியீட்டு எண்ணோடு கட்டப்பட்டது. ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியைப் பார்த்து, ஏறிய ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு என்று ஏப்ரல் 1 முதல் கூட்டித் தரவேண்டும். இரண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிக்கலாம், ஒரே மார்க்கெட்டில் தக்காளி வாங்கலாம். அவர்களுடைய தக்காளி விலை உயர்வுக்கு ஈடு தருவது இரண்டு வெவ்வேறு எண்கள்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று சொல்லுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அஃகம் என்றால் தானியம். தானியத்தை அளவு குறைத்து விற்காதே என்று ஆத்திசூடியில் ஔவையார் சொல்லும் இடத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கலாம். அகவிலை என்பதற்கு அகராதி தரும் பொருளும் தானிய விலைதான். படி என்பது அளக்கிற படியும்கூட, அன்றாடச் சோற்றுக்கென்று தருகிற பணமும்கூட. ஆக, அகவிலைப்படி என்று எழுதும்போது, அரிசி விலைக்காகத் தருகிற சோற்றுப் பணம் என்றுதான் நாம் எழுதுகிறோம். தொழிற்சங்க மேடைகளில் வழங்கும் பஞ்சப்படி என்ற சொல் இன்னும் வெளிப்படையானது. ‘புள்ளி ஏறியிருக்கா?’ என்று ஆலைத் தொழிலாளி கேட்டால், பஞ்சம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதே அந்தக் கேள்வியின் பொருள்.

விலைகளை ஒரே எண்ணாகக் கட்டும் எண்ணம் முதலில் வந்ததும் ஒரு வருமானத் தகராறில்தான். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு கல்லூரி ஒன்றில் 15-ஆம் நூற்றாண்டு விதி ஒன்று இருந்தது: ஆண்டுக்கு 5 பவுனுக்கு மேல் சொந்த வருமானம் உள்ளவர் அங்கே உறுப்பினராக இருக்கக் கூடாது. இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அந்த 5 பவுனுக்கு என்ன பொருள்? வில்லியம் ஃப்ளீட்வுட் என்ற பாதிரியார் 1707-இல் ஒரு நூல் எழுதினார். அன்று 5 பவுனுக்கு எவ்வளவு தானியம், இறைச்சி, பானம், துணி வாங்க முடிந்தது, இன்று அவற்றை வாங்க எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டார். பணத்தைப் பணத்தோடு ஒப்பிடாமல், பணம் வாங்கும் பொருளோடு ஒப்பிட்டதே அவர் செய்த பெரிய காரியம்.

அதைச் சட்டமாக்கியது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1780-இல் அங்கே காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்தது. படைவீரர்களுக்குச் சம்பள பாக்கியாகத் தந்த கடன் பத்திரத்தில், இத்தனை பவுன் தருவோம் என்று மட்டும் எழுதினால் யார் நம்புவார்கள்? அதனால் நான்கு பொருள்களைப் பத்திரத்திலேயே அச்சிட்டார்கள்: 5 புஷல் மக்காச்சோளம், 68 ராத்தலும் ஏழில் நான்கு பங்கும் மாட்டிறைச்சி, 10 ராத்தல் ஆட்டு உரோமம், 16 ராத்தல் செருப்புத் தோல். பணம் தரும் நாளில் இந்த நான்கையும் வாங்க எவ்வளவு ஆகுமோ, அதற்கேற்பத் தொகை கூடவோ குறையவோ செய்யும். படைவீரன் சாப்பிடுவது, உடுத்துவது, காலில் போடுவது எல்லாம் அந்தப் பத்திரத்தில் இருந்தன. விலைக் குறியீடுகளின் வரலாற்றில் இவ்வளவு நேர்மையான கூடையை நான் வேறெங்கும் படிக்கவில்லை. யாருக்குச் சம்பளமோ, அவருடைய வாழ்க்கையே கூடையில் இருந்தது.

நம் ஊருக்கு வந்த முதல் கூடை அப்படிப்பட்டதல்ல. இந்திய விலைகளின் குறியீட்டு எண் என்று பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட தொடர் 1861-இல் தொடங்கி 1931 வரை நீள்கிறது. 1873 அதற்கு நூறு. அதிலிருந்த பொருள்கள் 39. அவற்றில் 28 ஏற்றுமதிச் சரக்கு, 11 இறக்குமதிச் சரக்கு. கப்பலில் ஏறுவதும் கப்பலிலிருந்து இறங்குவதும் மட்டும்தான் கூடையில் இருந்தன. அதோடு, எல்லாப் பொருளுக்கும் ஒரே எடை. சணல் விலை பத்து சதவீதம் ஏறினாலும் அரிசி விலை பத்து சதவீதம் ஏறினாலும் எண்ணில் ஏறுவது ஒரே அளவு. துறைமுகத்து வணிகருக்கு அது போதும். வண்ணாரப்பேட்டையில் உலை வைக்கும் வீட்டுக்கு அந்த எண் ஒன்றும் சொல்லாது.

சொல்லவில்லை என்பது 1918-இல் தெரிந்தது. உலகப் போரின் கடைசி ஆண்டு. அந்த ஏப்ரல் 27-இல்தான் பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, திரு.வி.க. அதன் துணைத் தலைவர்களில் ஒருவர். பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர்களே அதன் பலம். செப்டம்பரில் அரிசியும் துணியும் ஏறிய ஏற்றத்தில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. மாகாணத்தின் பல ஊர்களில் அதே நடந்தது. சூறையாடியவர்கள் குறியீட்டு எண்ணைப் படித்துவிட்டுத் தெருவுக்கு வரவில்லை. ஆனால் தொழிலாளி வீட்டுச் செலவு எவ்வளவு ஏறியது என்று சொல்ல அரசிடம் ஓர் எண்ணும் இல்லை என்பது எல்லோருக்கும் அன்று வெளிச்சமானது. 1921-இல் பம்பாய்த் தொழிலாளர் அலுவலகம் உழைக்கும் வகுப்பினரின் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டை வெளியிடத் தொடங்கியது. சென்னைக்கு அப்படியொன்று வர இன்னும் பதினைந்து ஆண்டுகள் பிடித்தன.

1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரையிலான ஓராண்டை நூறாக வைத்துத் தொழிலாளர் ஆணையரின் அலுவலகம் உருவாக்கிய சென்னை நகர வாழ்க்கைச் செலவுக் குறியீடு இந்தக் கதையின் நடுநாயகம். அதற்காக ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவை வீடு வீடாகப் போய் எழுதினார்கள். எதற்கு எவ்வளவு போகிறது என்று கேட்டு, உணவு, எரிபொருளும் விளக்கும், துணி, வீட்டு வாடகை, இதர செலவு என்று பிரித்து, அந்தந்தச் செலவின் பங்குக்கு ஏற்ப எடை கொடுத்தார்கள். கப்பல் சரக்குக்குப் பதில் அடுப்படிச் சரக்கு கூடைக்குள் வந்தது அப்போதுதான்.

எடை என்பதை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். கூடையில் நூறு ரூபாய்க்கு 40 ரூபாய் அரிசி என்று வைத்தால், அரிசி விலை கால் பங்கு ஏறும்போது குறியீடு 10 புள்ளி ஏறும். அரிசிக்கு 20 ரூபாய்தான் என்று எழுதியிருந்தால், அதே விலை உயர்வுக்கு 5 புள்ளிதான் ஏறும். கடையில் விலை ஒன்றே. இடையிலே 5 புள்ளி காணாமல் போகிறது. அது எவ்வளவு காசு?

இதற்கு விடை 1947-இல் வந்தது. சென்னை மாகாண நெசவாலைகளுக்காக அந்த ஆண்டு வந்த வெங்கட்ரமய்யா தீர்ப்பு, வாழ்க்கைச் செலவுக் குறியீடு நூறுக்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளிக்கும் மாதம் மூன்று அணா பஞ்சப்படி என்று வகுத்தது. காணாமல் போன அந்த 5 புள்ளிக்கு விலை 15 அணா; ஒரு ரூபாய்க்கு ஓர் அணாதான் குறைவு. குறியீடு 250 என்று வைத்துக்கொண்டால், நூறுக்கு மேற்பட்ட 150 புள்ளிக்கு 450 அணா, அதாவது 28 ரூபாய் 2 அணா. அந்தத் தீர்ப்பு தந்த குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 26 ரூபாய். அடிப்படைச் சம்பளத்தைவிடப் பஞ்சப்படி பெரிதாகிவிடும். கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் ஆலை வாசல்களில் புள்ளி என்ற சொல் அரிசி, உப்பு மாதிரிப் புழங்கியது இதனால்தான். பின்னால் நயா பைசா வந்தபோது மூன்று அணா 18.75 பைசாவாக ஒப்பந்தங்களில் தொடர்ந்தது.

தீர்ப்புக்கு முந்தைய போர் ஆண்டுகளுக்குச் சற்றுத் திரும்ப வேண்டும். மொத்த விலைக் குறியீடு பிறந்தது அப்போதுதான். இந்திய அரசின் முதல் பொருளாதார ஆலோசகராக 1938-இல் வந்த தியடோர் கிரிகரியின் அலுவலகம், 1942 ஜனவரி 10-இல் தொடங்கும் வாரத்திலிருந்து வாராந்திர மொத்த விலைக் குறியீட்டைக் கணக்கிட்டது. நூறாக வைத்தது 1939 ஆகஸ்ட் 19-இல் முடிந்த வாரத்தை. போர் வெடிக்க இரண்டே வாரம் இருந்த, அமைதியின் கடைசிக் கணக்கு. தொடக்கத்தில் பொருள்கள் 23 மட்டுமே. இன்று 2011-12-ஐ நூறாக வைத்த தொடரில் 697 பொருள்கள். ஆலைத் தயாரிப்புகளுக்கு 64.23, விளைபொருள், கனிமம் போன்ற முதல்நிலைப் பொருள்களுக்கு 22.62, எரிபொருள் மின்சாரத்துக்கு 13.15 என்று எடை. இது மண்டியிலும் ஆலை வாசலிலும் உள்ள விலை. செய்தித்தாளில் ‘பணவீக்கம்’ என்று நெடுங்காலம் நாம் படித்தது இந்த எண்ணைத்தான். வீட்டு வாடகையோ பள்ளிக் கட்டணமோ மருத்துவச் செலவோ இதில் இல்லை.

பர்மா 1942-இல் ஜப்பானிடம் வீழ்ந்ததும் சென்னைக்கு ரங்கூன் அரிசி நின்றது. 1943-இல் ரேஷன் வந்தது. அதோடு குறியீட்டுக்கு ஒரு புது நோய் தொற்றியது. விலை எழுதப் போகிறவர் அரசு விலையை எழுதுவார். ரேஷன் அளவு பத்தாமல் குடும்பம் மீதியைக் கள்ளச் சந்தையில் வாங்கும். அந்த விலையைக் கடைக்காரர் சொல்லவும் மாட்டார், அதிகாரி எழுதவும் முடியாது. எண் அமைதியாக இருக்கும், வீடு தவிக்கும். விலைக் குறியீட்டின் மேல் தொழிலாளிக்கு ஏற்பட்ட சந்தேகத்தின் வேர் இந்த ஆண்டுகளில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது நியாயமான சந்தேகம்.

விலை எழுதும் வேலையும் லேசானதல்ல. குறித்த நாளில், குறித்த சந்தையில், குறித்த கடைக்குப் போய், குறித்த ரகத்தின் விலையைக் கேட்க வேண்டும். போன வாரம் எந்தப் புழுங்கலரிசியோ இந்த வாரமும் அதே. அந்த ரகம் சந்தையிலிருந்து மறைந்துவிட்டால்? நெல்லில் ரகங்கள் எத்தனை வேகமாக மாறின என்று நமக்குத் தெரியும், ஐ.ஆர். 8 வந்தது, போனது, பொன்னி வந்தது. ரகம் மாறும்போது, ஏறிய விலையில் எவ்வளவு தரத்துக்கு, எவ்வளவு விலைவாசிக்கு என்று பிரித்தாக வேண்டும். அளவையும் மாறியது. ஊருக்கு ஊர் படி வேறு. பட்டணத்துப் படிக்கும் வெளியூர்ப் படிக்கும் ஒத்துவராது. 1958-இலிருந்து படிப்படியாகக் கிலோ கணக்கு வந்தபோது, முகத்தல் அளவையில் எழுதிய பழைய விலையையும் நிறுத்தல் அளவையில் எழுதிய புது விலையையும் ஒரே வரிசையில் சேர்க்கவேண்டியிருந்தது. இந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்தவர்களுக்கு எந்த வரலாற்றிலும் பெயர் இல்லை. வெயிலில் சந்தை சந்தையாக நடந்து பேரேடு நிரப்பிய அந்தப் புள்ளியியல் ஊழியர்கள் எழுதாவிட்டால், மூன்று அணாவுக்கு அடியில் நிற்கத் தரையே இருந்திருக்காது.

சுதந்திரத்துக்குப் பின் நகரக் குறியீடுகளையெல்லாம் ஒரே முறைக்குக் கொண்டுவரும் பொறுப்பு, 1946 அக்டோபர் 1-இல் சிம்லாவில் தொடங்கிய தொழிலாளர் செயலகத்திடம் வந்தது. 1958-59-இல் நாடு முழுக்க 50 மையங்களில் தொழிலாளர் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவு ஆய்வு செய்து, 1960-ஐ நூறாக வைத்துப் புதுத் தொடர் வெளியிட்டார்கள். அப்போது கணக்கில் எடுத்தவை தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகிய மூன்று துறைகளின் குடும்பங்கள். ஆய்வு நல்ல ஆய்வு. அதை வைத்துக்கொண்ட காலம்தான் பொறுக்க முடியாதது. அடுத்த தொடர், 1982-ஐ நூறாக வைத்தது, நடைமுறைக்கு வந்தது 1988 அக்டோபரில். முப்பது ஆண்டுக்கு முந்தைய சமையல்கட்டை வைத்து நாட்டின் பஞ்சப்படி கணக்கிடப்பட்டது. 1958-இல் தொழிலாளி வீட்டில் இல்லாத எத்தனையோ 1988-க்குள் வந்துவிட்டன. குழந்தையின் டியூஷன், பேருந்து சீசன் டிக்கெட், ஸ்டவ் எல்லாம் அன்றாடச் செலவாகிவிட்ட பிறகும் கூடையின் எடை பழையதாகவே இருந்தது.

பிறகு 2001 தொடர் 2006 ஜனவரியிலும், 2016 தொடர் 2020 செப்டம்பர் குறியீட்டிலிருந்தும் வந்தன. தொடர் மாறும்போதெல்லாம் பழையதையும் புதியதையும் முடிச்சுப்போட ஓர் இணைப்பு எண் தருவார்கள். 1960-இலிருந்து 1982-க்கு 4.93, அதிலிருந்து 2001-க்கு 4.63, அதிலிருந்து 2016-க்கு 2.88. மூன்றையும் பெருக்கினால், 2016 தொடரின் நூறு என்பது 1960 தொடரில் ஏறத்தாழ 6,574. முடிச்சில் ஒரு புள்ளி கூடுதல் குறைச்சல் ஆனாலும் லட்சக்கணக்கான சம்பளங்களில் அது தங்கிவிடும். 4.93 சரியா என்று தொழிற்சங்கங்கள் போராடியதன் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் கூடையை அசைத்த இன்னொரு சங்கதி ரேஷன் அரிசி. 1967-இல் அண்ணாவின் அரசு ரூபாய்க்கு ஒரு படி அரிசியைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2008-இல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி. குறியீட்டில் ரேஷன் அரிசியும் வெளிச்சந்தை அரிசியும் தனித்தனிப் பங்குடன் சேர்க்கப்படும். விலை சுழியான பங்கு அதற்குப் பிறகு ஏறுவதே இல்லை. வெளியில் வாங்கும் அரிசி என்ன ஏறினாலும் அதன் பங்கு அளவுக்கே எண் நகரும். ரேஷன் அரிசி முழுக்கக் கிடைக்கும் வீட்டுக்கு அது உண்மை நிலவரம். அட்டையே இல்லாமல் பிழைக்க வந்து மேம்பாலத்தடியில் சமைக்கும் கட்டடத் தொழிலாளிக்கு அது உண்மையல்ல.

இங்கேதான் நான் தேனாம்பேட்டைக்குத் திரும்புகிறேன். தொழிலாளர் செயலகத்தின் குறியீட்டுக்கு வீட்டுச் செலவு கேட்கும் குடும்பங்கள் இப்போது ஏழு துறைகளைச் சேர்ந்தவை: தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், ரயில்வே, பொதுப் போக்குவரத்து, துறைமுகம், மின்சாரம். 2016 தொடரில் அகில இந்திய அளவில் உணவும் பானமும் 39.17 என்ற எடைக்கு இறங்கின. 2001 தொடரில் அது 46.2. கல்வி, மருத்துவம், போக்குவரத்து முதலியவை அடங்கிய இதர செலவு 23.26-இலிருந்து 30.31-க்கு ஏறியது. துறைமுக ஊழியர் வீட்டிலும் ரயில்வே ஊழியர் வீட்டிலும் சோற்றுச் செலவின் பங்கு குறைந்திருப்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் அதே கூடையின் சென்னை எண்ணை வைத்துத்தான் இலை எடுக்கிறவரின் பஞ்சப்படியும், காவலாளியின் பஞ்சப்படியும், கடைச் சிப்பந்தியின் பஞ்சப்படியும் கணக்காகின்றன. அவர்கள் அந்த ஏழு துறைகளில் ஒன்றிலும் இல்லை. அவர்கள் வீட்டுக்கு யாரும் நோட்டுப் புத்தகத்தோடு போய் அரிசிக்கு எவ்வளவு, வாடகைக்கு எவ்வளவு என்று கேட்டு எடை போடவில்லை. சம்பளத்தில் பாதிக்கு மேல் சோற்றுக்கே போகும் வீட்டில், உணவு விலை ஏறும் ஆண்டுகளில், 39 எடையுள்ள கூடை தரும் புள்ளி பற்றாது. முன்பு போட்ட 40-க்கும் 20-க்குமான கணக்கை நினைவில் வைத்துப் பாருங்கள்.

மாசசூசெட்ஸ் பத்திரத்தில் படைவீரனின் செருப்புத் தோல் இருந்தது. 1935-36-இல் சென்னையில் ஆலைத் தொழிலாளிக்கென்று கூடை பின்னியபோது ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்குத்தான் போனார்கள். ஓட்டல், கடை, காவல், வீட்டுவேலை ஆகியவற்றில் இருப்பவர்களுக்கென்று சென்னையில் ஒரு குடும்பச் செலவு ஆய்வு நடத்த, டி.எம்.எஸ். வளாகத்தில் ஒரே வாசலுக்குள் இருக்கும் இரண்டு துறைகளும் போதும். ஒன்றுக்கு எண்ணத் தெரியும், மற்றொன்றுக்கு ஊதியம் நிர்ணயிக்கும் அதிகாரம் இருக்கிறது. அதை அவர்கள் செய்யவேண்டும் என்பது என் கோரிக்கை. இந்தத் தொடரை எழுத உட்காரும்போதே என் மனதில் இருந்த கோரிக்கை.

வாடகை பற்றிச் சொல்லாமல் விட்டேன். மற்ற விலைகளை அடிக்கடி எழுதும் இந்தக் குறியீட்டில், வீட்டு வாடகை ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான், ஜனவரியிலும் ஜூலையிலும், நகரும். அதன் எடை 16.87. அந்தக் கணக்கில் பல சிக்கல் உண்டு. தனியாக ஓர் அத்தியாயம் வேண்டும். அதற்குமுன் அடுத்த வாரம் பம்பாய்க்குப் போவோம். 1963 ஆகஸ்டில், குறியீட்டு எண் தவறு என்று சொல்லி ஒரு நகரமே வேலையை நிறுத்தியது. லக்டவாலா குழு உட்கார்ந்து அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தபோது, தொழிலாளர்கள் சொன்னதில் எவ்வளவு உண்மை இருந்தது என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)